கண்ணாடி வாங்க வராதவர்கள்

சனிக்கிழமை ராத்திரி எட்டே முக்கால் இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று. தறி உதிரிப் பாகம் செய்கிற லேத் பட்டறையில் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் வலது கண்ணைக் கர்சீப்பால் பொத்திக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். "அம்மிணி, கண்ணுல என்னமோ உழுந்திருச்சு, கொஞ்சம் பாத்து எடுத்து உட்டுருங்க, காத்தால வேலைக்குப் போகோணும்" என்றார். வலி பெரிதாக இல்லை என்றார். எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படித்துவிட்டார். கண்ணும் அவ்வளவாகச் சிவக்கவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "கிரைண்டிங் பண்ணுனீங்களா, இல்ல சுத்தியல்ல அடிச்சீங்களா?"

உளி வைத்து சுத்தியலால் அடித்திருக்கிறார். அப்போதே எனக்கு வயிற்றில் பயம் பிடித்துவிட்டது. கிரைண்டிங்கில் பறக்கிற பொறி பெரும்பாலும் கருவிழியின் மேலேயே ஒட்டிக்கொள்ளும், உயிர் போகிற மாதிரி உறுத்தும். இரும்பின் மேல் இரும்பை வைத்து அடிக்கும்போது தெறிக்கிற பிசிறு அப்படி இல்லை, அந்த வேகத்தில் கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், வெளியே வலிகூடப் பெரிதாக இருக்காது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்லிட் லேம்ப் கருவியில் உட்கார வைத்துப் பார்த்தால் கருவிழியின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சின்னக் கீறல், கண்மணி அந்தப் பக்கமாக லேசாக இழுத்துக்கொண்டு கண்ணீர்த்துளி வடிவத்தில் இருந்தது. அதற்கு மேல் நான் கண்ணைத் தொடவில்லை. கழுவவில்லை, சொட்டு மருந்து விடவில்லை, பஞ்சு வைத்து அழுத்தவில்லை. டீ குடிக்கிற பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல் எலும்பின் மேல் உட்காருகிற மாதிரி வைத்து பிளாஸ்திரி ஒட்டினேன். "அண்ணா, இனி தண்ணிகூடக் குடிக்காதீங்க, ராத்திரியே ஆபரேசன் பண்ண வேண்டி வரலாம்" என்று சொல்லி, கோயம்புத்தூரில் தெரிந்த டாக்டருக்கு போன் போட்டுவிட்டு, அண்ணனுடைய தம்பியை வரவழைத்துக் காரில் அனுப்பினேன். உள்ளே ஊசி முனை அளவுக்கு இரும்புத் துண்டு இருந்தது. எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கண்ணில் பார்வை இருக்கிறது.

என்னிடம் வருவதற்கு முன்னால் அவர் இரண்டு இடம் போயிருக்கிறார். பட்டறையில் ஒருவர் வேட்டி நுனியை முறுக்கிக் கண்ணுக்குள் விட்டுத் துழாவியிருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் அறுபது ரூபாய்க்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவதாகத்தான் கண்ணாடிக் கடை.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறவள். நான்கு வருடப் பட்டப்படிப்பு, கடைசி ஒரு வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி. சோமனூர்ப் பக்கம் சொந்தமாகக் கடை வைத்து ஏழு வருடம் ஆகிறது. ஊரில் என்னைக் 'கண்ணாடிக் கடை டாக்டரம்மா' என்பார்கள், நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பெயர் மாறவில்லை. கண் டாக்டர் எங்கள் ஊருக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் வந்து போகிறார். அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிப் பிரிவு மத்தியானத்தோடு முடிந்துவிடும். கோயம்புத்தூர் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல், ஒரு நாள் கூலியும் போய்விடும். என் கடை காலை பத்து முதல் ராத்திரி ஒன்பது வரை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கிறது, டோக்கன் கிடையாது, செருப்பைக் கழற்றக்கூட வேண்டாம். அப்புறம் கண்ணில் அடிபட்டவன் எங்கே வருவான்? இங்கேதான் வருவான். இது என் ஊரில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை, எந்தச் சின்ன ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வைத்தியம் செய்ய எனக்கு உரிமையும் இல்லை, ஆபரேஷன் செய்யப் படித்ததும் இல்லை. இது இந்த ராத்திரியே போக வேண்டிய கண்ணா, நாளைக் காலை போனால் போதுமா, வீட்டுக்குப் போய்த் தூங்கலாமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியும். ஒரு ஸ்லிட் லேம்ப், கண் அழுத்தம் பார்க்கிற கருவி, இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிற ஃப்ளோரசின் காகிதம், இவை போதும். அந்த ஆரஞ்சு நிறக் காகிதத்தை நனைத்து இமைக்குள் தொட்டுவிட்டு நீல விளக்கில் பார்த்தால் கருவிழியில் எங்கே தோல் உரிந்திருக்கிறதோ அந்த இடம் பச்சையாக ஒளிரும். மேலும் கீழுமாகக் கோடு கோடாக ஒளிர்ந்தால் தூசி மேல் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, இமைக்கும்போதெல்லாம் கீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இமையைப் புரட்டி ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் தீர்ந்தது. அவர்கள் முகத்தில் அந்த நொடியில் வருகிற நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில்கூட இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அது என் பதிவேடு. அந்தக் கண் நன்றாக இருந்த நாட்களில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், அவசரத்தில் அது எவ்வளவு உதவும் என்பதை ஒரு அமுச்சியால்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

பேரன் மட்டும்தான் கடைக்கு வந்தான். "அக்கா, எங்க அமுச்சிக்குக் கண்ணு மங்குதுங்கறாங்க, பழைய பவர்லயே புதுக் கண்ணாடி போட்டுத் தர்றீங்களா?" அமுச்சி எங்கே என்றேன். வீட்டில் படுத்திருக்கிறார், ரெண்டு நாளாகத் தலைவலி, வாந்தி, பித்தம் என்று பக்கத்தில் ஊசி போட்டிருக்கிறார்கள், குறையவில்லை. பேசிக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டு கண்ணிலும் பிளஸ் 4. அந்த மாதிரி பிளஸ் பவர் உள்ளவர்களுக்குக் கண் கொஞ்சம் சிறியதாக இருக்கும், கருவிழிக்கும் அதன் பின்னால் கண்மணியைச் சுற்றியிருக்கிற திரைக்கும் நடுவே இடம் குறுகலாக இருக்கும், வயதாகி உள்ளே லென்ஸ் தடிக்கும்போது அந்த இடம் இன்னும் குறுகும். ஒருநாள் கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேறுகிற வழி மொத்தமாக அடைத்துக்கொள்ளும். "லைட்டைப் பாத்தா சுத்தி வானவில் மாதிரி தெரியுதுன்னு சொன்னாங்களா?" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஆமாங்க்கா, மொதநாள் சொன்னாங்க."

அரைமணி நேரத்தில் ஆட்டோவில் கூட்டிவந்துவிட்டான். வலது கண் சிவந்து, கருவிழி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கி, கண்மணி அசையாமல் இருந்தது. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் 52. இது கண் நரம்பை மணிக்கணக்கில் கொல்கிற அழுத்தம். தலைவலிக்கும் வாந்திக்கும் காரணம் வயிற்றில் இல்லை, இந்தக் கண்ணில் இருந்தது, இரண்டு நாளாக யாரும் டார்ச் அடித்துக்கூட அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அழுத்தத்தை இறக்கி, அப்புறம் கண்மணியைச் சுற்றியிருக்கிற திரையில் லேசரால் துளை போட்டார்கள், இன்னொரு கண்ணுக்கும் அதே ஆபத்து இருந்ததால் அதற்கும் போட்டார்கள். வலது கண்ணில் பாதிப் பார்வைதான் மீண்டது. இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்குப் பிறகு பிளஸ் பவர் அதிகமுள்ள பெரியவர்கள் யார் கண்ணாடி வாங்கினாலும் வீட்டு ஆட்களையும் உட்கார வைத்து, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையம் மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இதை எழுதும்போது, நான் தவறவிட்ட கண்ணைப் பற்றியும் எழுதியாக வேண்டும். படிப்பு முடித்த புதிதில் நகரத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். ஒரு பையன், இருபத்தாறு வயசு, மைனஸ் 7. கண்ணுக்கு முன்னால் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது, இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, பவர் ஏறியிருக்கும் போல என்று வந்தான். வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். பவர் பார்த்தேன், கால் ஏறியிருந்தது. மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு அப்படிப் பூச்சி தெரிவது சகஜம்தான் என்று சொல்லிப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். பூச்சி தெரிவது சகஜம் என்பது பொய்யில்லை. ஆனால் புதிதாகத் திடீரென்று தெரிகிற பூச்சியும் கூடவே மின்னலும், அதுவும் மைனஸ் 7 கண்ணில் என்றால், விழித்திரை கிழிகிறதா என்று கண்மணியை விரித்து உள்ளே முழுக்கப் பார்க்காமல் அனுப்பவே கூடாது. எனக்கு அது பாடத்தில் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்து அவன் திரும்பி வந்தபோது அந்தக் கண்ணில் கீழிருந்து கறுப்புத் திரை ஏறி நடுவை மறைத்திருந்தது. கிழிசலாக இருந்தபோது லேசரில் ஒட்டியிருக்கலாம். விழித்திரை கழன்ற பிறகு பெரிய ஆபரேஷன் ஆயிற்று, ஒட்டியும் விட்டது, ஆனால் நடுப்பார்வை பழையபடி வரவில்லை. அவன் என்னைத் திட்டவில்லை. "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டான். இப்போது என் கடையில் மின்னல், பூச்சி, திரை என்று யார் சொன்னாலும் வாசலில் எத்தனை பேர் காத்திருந்தாலும் அவர்தான் முதல் ஆள்.

எங்கள் பக்கம் அதிகம் வருகிற இன்னொரு அடி சோளத்தட்டு. மாட்டுக்குத் தட்டு அறுக்கும்போது இலையோ தோகையோ கண்ணில் அடிக்கும், லேசான கீறல்தான், ஒரு நாள் உறுத்தும், அப்புறம் விட்டுவிடுவார்கள். விளக்கெண்ணெய் விடுவார்கள், தாய்ப்பால் விடுவார்கள், சில ஊரில் நாக்கால் தூசி எடுக்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் நான்காம் நாள் பார்த்தால் கருவிழியில் வெள்ளையாகப் பொட்டு. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள், ஏதோ விதிவசத்தால் விழுந்த மாதிரி. அது கிருமி தின்கிற புண். மதுரை மாவட்டத்தில் 1993 இல் கணக்கெடுத்தார்கள், வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருந்தது, அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப்போலப் பத்து மடங்கு. நம் பக்கத்துப் புண்களில் கணிசமான பங்கு பூஞ்சைக் காளானால் வருவது, செடி கொடியில் இருக்கிற காளான்தான் கீறல் வழியாக உள்ளே போகிறது.

இந்த இடத்தில்தான் மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. கண் சிவந்திருக்கிறது என்றாலே ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள், எல்லாரும் அல்ல, ஆனால் நிறையப் பேர். போட்டவுடன் சிவப்பு இறங்கும், வலி குறையும், நல்ல மருந்து என்று அடுத்தவருக்கும் சிபாரிசு செய்வார்கள். உள்ளே உடம்பின் எதிர்ப்பை அந்த மருந்து அமுக்கிவிட, காளான் இஷ்டத்துக்குப் பரவும். போன ஐப்பசியில் வந்த ஒரு அக்கா ஒன்பது நாள் அந்தச் சொட்டைப் போட்டிருந்தார். கருவிழி ஓட்டையாகப் போகிற நிலையில் இருந்தது. எந்த மருந்து போட்டீர்கள் என்று கேட்டால் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் காட்டினார், மூடிக்கு மேல் இருந்த அட்டையைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தார்.

இதற்கு நேர்மாறாக, நேபாளத்தில் பக்தபூரில் ஒரு வேலை செய்தார்கள். கிராமத்திலேயே பயிற்சி கொடுத்த ஆட்களை வைத்து, கண்ணில் கீறல் பட்ட எல்லாருக்கும் ஃப்ளோரசின் காகிதம் வைத்துப் பார்த்து, உடனே குளோராம்பெனிகால் களிம்பு தினம் மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். 2001 இல் முடிவு வந்தது. கீறல் பட்டுப் பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்கள் யாருக்கும் புண் ஆகவில்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினெட்டு மணி நேரத்துக்குள் ஒருவர் சிரமப்படாமல் போய்ச் சேரக்கூடிய இடம் என்று பார்த்தால் நம் ஊர்களில் அது தெருமுனைக் கண்ணாடிக் கடையாகத்தான் இருக்கும்.

என்கூடப் படித்தவள் ஒருத்தி ஸ்காட்லாந்தில் வேலை செய்கிறாள். அவளிடம் வாரம் ஒருமுறையாவது பேசுவேன், பேச்சு கடைசியில் வேலையில்தான் வந்து நிற்கும். அங்கே 2006 ஏப்ரல் முதல் கண் பரிசோதனை எல்லாருக்கும் இலவசம், கடைக்கு அரசாங்கம் பணம் கட்டிவிடுகிறது. கண் சிவந்து போனால், திடீரென்று பார்வை மங்கினால் குடும்ப டாக்டரிடம் போன் செய்தாலும் முதலில் ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் போ என்றுதான் அனுப்புவார்களாம். 2008 முதல் அந்த நாட்டில் தனியாகப் படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்துத் தேர்வான ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் மருந்தும் எழுதலாம். இங்கிலாந்தில் இது இடத்துக்கு இடம் மாறும், 2020 இல் கொரோனாவில் ஆஸ்பத்திரிக்குள் கூட்டம் கூடக் கூடாது என்று வந்தபோதுதான் அவசரக் கண் சிகிச்சையைக் கடைகளிலேயே பார்க்கிற ஏற்பாட்டைப் பல பகுதிகளில் வேகமாகக் கொண்டுவந்தார்கள். அவள் சொன்னதில் எனக்கு ஏக்கமாக இருந்தது ஒன்றுதான். ஒரு கண்ணை இருபது நிமிடம் பார்த்து, ஒன்றும் இல்லை, தைரியமாகப் போங்கள் என்று சொன்னாலும் அது வேலை செய்ததாகக் கணக்கில் ஏறும்.

இங்கே அது யார் கணக்கிலும் ஏறாது. நகரத்துக் கடையில் இருந்தபோது ஒரு நாளைக்கு எத்தனை ஃபிரேம் போயிற்று என்றுதான் கேட்பார்கள், எத்தனை கண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடை முதலாளிமேல் மட்டும் பழி போடவும் முடியாது, வாடகை, கரண்ட் பில், சம்பளம் எல்லாம் கண்ணாடி விற்ற காசில்தான் வருகிறது. சொந்தக் கடை வைத்த பிறகு அவசரத்துக்கு வருகிறவர்களிடம் நான் பணம் வாங்குவதில்லை, ஆனால் அப்படி எல்லாரும் செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அரசுக் காப்பீட்டிலோ வேறு எதிலோ இந்தப் பரிசோதனைக்கு ஒரு சின்னத் தொகை இருந்தால் எத்தனை கடைகளில் ஸ்லிட் லேம்ப் வாங்குவார்கள்! இன்றைக்கு நிறையக் கடைகளில் பவர் பார்க்கிற கம்ப்யூட்டர் மட்டும்தான் இருக்கிறது, பார்க்கிறவரும் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நடைமுறையில் இல்லை. 2021 இல் நாடாளுமன்றத்தில் துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் வந்து அதில் ஆப்டோமெட்ரியும் சேர்ந்திருக்கிறது. யார் படித்தவர், யார் என்ன செய்யலாம் என்பது தெளிவாகி, வாசல் பலகையைப் பார்த்தே ஜனங்களுக்குத் தெரிகிற நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அனுப்பி வைப்பதும் லேசான காரியம் இல்லை. ஆரம்பத்தில் ஒரு தாளில் ஆங்கிலத்தில் விவரமாக எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒரு தடவை கண் அழுத்தம் மிக அதிகமாக இருந்த ஒரு பெரியவரை அப்படி அனுப்பினேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முன்கவுண்டரில் 'கண்ணு பாக்கணும்' என்று சொல்லி டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கவுண்டரில் கேட்கவில்லை, இவரும் காட்டவில்லை. இப்போது தாளின் தலைப்பில் சிவப்பு மார்க்கரில் 'இன்றே, உடனே' என்று தமிழில் எழுதி, அடியில் ஒரே வரியில் காரணத்தையும் அழுத்த அளவையும் பார்வை அளவையும் நேரத்தையும் போடுகிறேன். போனவுடன் முதலில் பார்க்கிற நர்ஸ் கையில் கொடுங்கள், பையில் வைக்காதீர்கள் என்று மூன்று தடவை சொல்கிறேன். ஸ்லிட் லேம்ப்பின் கண்வில்லையில் போன் கேமராவை வைத்துப் படம் எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இதெல்லாம் நானாக ஒரு டாக்டரைப் பழக்கம் பிடித்து ஏற்படுத்திக்கொண்டது. அவர் ஊர் மாறிப் போய்விட்டால் எனக்கு மறுபடியும் முதலிலிருந்து.

இது ஏற்பாடாகவே நடக்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது, இப்போது நூறுக்கும் மேல். அங்கே டாக்டர் உட்கார்ந்திருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண்கள் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்து, அழுத்தம் பார்த்து, படம் அனுப்ப, தூரத்தில் இருக்கிற டாக்டர் கணினித் திரையில் நோயாளியிடமே பேசி, வர வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். அதே கயிற்றைத் தனியார் கண்ணாடிக் கடைகளுக்கும் நீட்டினால் என்ன? ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் கண் பிரிவு இருக்கிறது. அங்கே ராத்திரியும் எடுக்கிற ஒரு போன் நம்பர், மாவட்டத்தில் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளின் பட்டியல், இரண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதுதான் எல்லாவற்றிலும் அவசரம். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு சின்ன பிளாஸ்டிக் ட்யூபில் வருகிறதே, குழந்தைகள் அதை அமுக்கி விளையாடும்போது வெடித்து நேராகக் கண்ணில் அடிக்கும். ஆசிட்டைவிடச் சுண்ணாம்பு மாதிரிக் காரப்பொருள் மோசம், அது நிற்காமல் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். இதற்கு மட்டும் என் கடைக்கும் வராதீர்கள், ஆஸ்பத்திரிக்கும் ஓடாதீர்கள், முதலில் எந்தக் குழாய் பக்கத்தில் இருக்கிறதோ அதைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது அரைமணி நேரம் தண்ணீர் ஓடவிடுங்கள். குழந்தை கத்தும், கத்தட்டும். அப்புறம் கிளம்புங்கள். போன வருடம் ஒரு மூன்று வயசுக் குழந்தையைக் கழுவாமலே நாற்பது நிமிடம் பைக்கில் தூக்கி வந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயில் சலைன் பாட்டிலை மாட்டி நானும் கடைப் பெண்ணும் அந்த அம்மாவும் சேர்ந்து கழுவினோம், இமையைப் புரட்டி ஒட்டியிருந்த சுண்ணாம்புத் துகளைப் பஞ்சால் ஒவ்வொன்றாக எடுத்தோம், லிட்மஸ் காகிதம் நிறம் மாறாமல் வருகிற வரைக்கும் இரண்டு பாட்டில் ஆயிற்று. கழுவிய நாற்பது நிமிடத்தைவிட, கழுவாமல் கழிந்த அந்த நாற்பது நிமிடம்தான் எனக்கு உறுத்துகிறது.

வலியே இல்லாமல் ஒரு கண் திடீரென்று இருட்டிவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், பக்கவாதத்தின் உறவுக்காரன் அது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சரியாகவில்லை. 108 ஐக் கூப்பிடுங்கள்.

பயந்துகொண்டு வருகிறவர்களில் பலருக்கு ஒன்றுமே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளை விழியில் ரத்தம் பரவி ராட்சசன் மாதிரி சிவந்திருக்கும், வலி இருக்காது, பார்வை அப்படியே இருக்கும். இருமியோ தும்மியோ சின்ன ரத்தக்குழாய் உடைந்தது, இரண்டு வாரத்தில் தானாக மறையும், ரத்த அழுத்தம் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்வேன். வெல்டிங் பார்த்துவிட்டு நடுராத்திரி கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி எரிச்சலோடு எழுந்திருப்பவர்கள் அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடுவார்கள். மெட்ராஸ் ஐ சீசனில் குடும்பமே வரும். இவர்களைப் பார்த்துத் தைரியம் சொல்லி அனுப்புவதால் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை குறைகிறது, அந்த இடத்தில் 52 அழுத்தத்தோடு ஒரு அமுச்சி சீக்கிரம் உள்ளே போகலாம்.

லேத் அண்ணன் போன வாரம் வந்தார். பட்டறையில் எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், முதலாளி ஒத்துக்கொண்டார், பதினாலு வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். மொத்த விலைக்கே எடுத்துக் கொடுத்தேன். அவருடையதை மட்டும் அவர் பவருக்குத் தனியாகச் செய்யக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும்.

தீபாவளி அன்றைக்குக் கடை இந்த வருடமும் ராத்திரி பத்து வரை திறந்திருக்கும். போன தடவை புஸ்வாணம் அணைந்துவிட்டதென்று குனிந்து பார்த்த பையன் ஒருவன், ராக்கெட் விட்டவனைத் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்த பெண் ஒருத்தி, இரண்டு பேர் வந்தார்கள். சலைன் பாட்டில் நான்கும் ஒரு கட்டு பேப்பர் கப்பும் வாங்கி வைத்துவிட்டேன். டாக்டரிடமும் அன்றைக்கு ராத்திரி போனை எடுக்கச் சொல்லிவிட்டேன், எடுக்கிறேன் என்றிருக்கிறார்.